காற்று எந்தப் பக்கம்? கடற்கரைக்குப் போக மாதம் பார்க்கும் கணக்கு

இந்தியக் கடற்கரைகளுக்குப் போகச் சிறந்த காலம் அக்டோபர் முதல் மார்ச் வரை. எந்தப் பயண ஏற்பாட்டாளரின் விளம்பரத்தை எடுத்தாலும் இந்த வரி இருக்கும். கோவாவுக்கு அது பெரும்பாலும் சரி. அதை அப்படியே நம்பி நவம்பர் மூன்றாம் வாரத்தில் புதுச்சேரியில் அறை எடுத்தால், ஜன்னல் வழியே மழையைப் பார்த்துவிட்டு ஊர் திரும்ப வேண்டியிருக்கும். சென்னை, புதுச்சேரிக் கரையில் ஆண்டிலேயே அதிகம் மழை பெய்யும் மாதம் நவம்பர்தான்.

இந்த 'அக்டோபர் முதல் மார்ச்' எங்கிருந்து வந்தது? வந்தவர்கள் யார் என்று பார்த்தால் புரிந்துவிடும். கோவாவுக்கும் கோவளத்துக்கும் முதலில் கூட்டமாக வந்தவர்கள் ஐரோப்பியர்கள். அவர்கள் தேடி வந்தது கடலை மட்டுமல்ல, தங்கள் ஊர்க் குளிரிலிருந்து தப்பிக்க ஒரு வெயிலையும்தான். அவர்களுடைய குளிர்காலம் இங்கே 'சீசன்' ஆனது. ஹோட்டல் விலையும் அதற்கேற்ப அமைந்தது. நமக்கோ தப்பிக்கக் குளிர் கிடையாது, பிள்ளைகளுக்கு விடுமுறையும் ஏப்ரல், மே மாதங்களில்தான். ஆகவே கணக்கை நாமே முதலிலிருந்து போட வேண்டியிருக்கிறது.

குளிர்நாட்டுக் கடற்கரைகளில் முதல் கேள்வி, தண்ணீர் எவ்வளவு சூடாக இருக்கிறது என்பது. மத்தியதரைக் கடலில் ஆகஸ்ட், செப்டம்பரில்தான் தண்ணீர் நன்றாகச் சூடேறியிருக்கும். கடல் மெதுவாகச் சூடாகி மெதுவாக ஆறுவதால், வெயில் உச்சத்துக்குப் போய்ச் சில வாரங்கள் கழித்தே தண்ணீர் உச்சத்தைத் தொடுகிறது. நம் பக்கம் இந்தக் கேள்வியே எழாது. சென்னைக் கடலில் ஆண்டு முழுதும் தண்ணீர் ஏறத்தாழ 26 முதல் 30 டிகிரி வரை இருக்கும். ஜனவரியில் இறங்கினாலும் நடுக்கம் வராது. இங்கே பார்க்க வேண்டியவை அலை, மழை, வெயில் மூன்றும்தான். முதல் இரண்டையும் தீர்மானிப்பது காற்றின் திசை. கடைசியில்கூட அதற்குக் கொஞ்சம் பங்கு உண்டு.

ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்கிலிருந்து காற்று. அக்டோபர் கடைசியிலிருந்து ஜனவரி, பிப்ரவரி வரை வடகிழக்கிலிருந்து. இடையில் மார்ச், ஏப்ரலிலும் செப்டம்பர் கடைசி தொட்டு அக்டோபர் நடுப்பகுதி வரையிலும் காற்று தளர்ந்து திசை மாறும். இது பள்ளிப் பாடம். பாடத்தில் வராத பாதிதான் கடற்கரைக்குப் போகிறவருக்குத் தேவை. திறந்த கடலில் நூற்றுக்கணக்கான மைல் தடையில்லாமல் ஓடிவரும் காற்றுக்கு அலையை வளர்க்க இடம் இருக்கிறது. அதே காற்று நிலத்தைத் தாண்டிக் கடலுக்குள் இறங்கும்போது கரையோரத்தில் அந்த இடம் இல்லை. காற்றுக்கு முகம் காட்டும் கரை கொந்தளிக்கும், முதுகு காட்டும் கரை அடங்கிக் கிடக்கும். மழையும் ஏறக்குறைய இதே வழிதான். ஈரக்காற்று முதலில் மோதும் பக்கம் கொட்டித் தீர்த்துவிட்டு, மலைக்கு அந்தப் பக்கம் உலர்ந்த காற்றாக இறங்குகிறது. மீனவர்கள் தெற்கிலிருந்து வந்தால் சோளகம், மேற்கிலிருந்து கச்சான், கிழக்கிலிருந்து கொண்டல், வடக்கிலிருந்து வாடை என்று காற்றுகளைப் பெயர் சொல்லிப் பிரித்து வைத்திருப்பது சும்மா இல்லை. எந்தக் காற்றுக்கு எந்தக் கடலில் வலை விடலாம் என்பது அவர்களுடைய அன்றாடக் கேள்வி. விடுமுறைக்குப் போகிற நமக்கும் கேள்வி அதேதான்.

இதைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் தனுஷ்கோடிக்குப் போங்கள். முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 2017-இல் திறக்கப்பட்ட தார்ச்சாலை ஒரு மெல்லிய மணல் நாக்கின் மேல் ஓடுகிறது. ஒரு பக்கம் மன்னார் வளைகுடா, மறுபக்கம் பாக் நீரிணை. சில இடங்களில் சாலையில் நின்று தலையைத் திருப்பினாலே இரண்டு கடலும் தெரியும். ராமேஸ்வரத்துக்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்பார்கள், வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்பார்கள். ஜூலையில் போனால் அந்தப் பெயர்கள் மிகவும் பொருந்தும். தெற்கே அலை மேல் அலையாக வந்து மணலை அறைந்துகொண்டிருக்கும், நூறு, இருநூறு அடி தள்ளி வடக்குப் பக்கம் தண்ணீர் ஏரி மாதிரி கிடக்கும். டிசம்பரில் வாடை வீசும்போது போனால் கதை திரும்பியிருக்கும். அப்போது வடக்குக் கடல் கலங்கிச் சீறும், தெற்கு அடங்கும். நடுவில் இருப்பது ஒரு மணல் திட்டு, அவ்வளவுதான். அதுவே காற்றுக்கும் அலைக்கும் இடையில் இவ்வளவு வேலை செய்கிறதென்றால் ஒரு தீவோ தீபகற்பமோ எவ்வளவு செய்யும்! (அரிச்சல்முனையில் எந்த மாதமும் குளிக்க வேண்டாம். இரண்டு கடலின் நீரோட்டமும் சேரும் இடம் அது. 1964 டிசம்பர் 22 இரவில் வந்த புயல் அந்த ஊரை என்ன செய்தது என்பது தனிக் கதை.)

ராமேஸ்வரத்தில் பட்டம் கட்டிக்கொண்டு தண்ணீர் மேல் சறுக்குகிற கைட் சர்ஃபிங் ஆட்களும் வருகிறார்கள். கோடையில் தென்மேற்குக் காற்றுக்கு ஒரு கரை, குளிர்காலத்தில் வடக்குக் காற்றுக்கு இன்னொரு கரை என்று அவர்களுக்கு ஆண்டில் இரண்டு சீசன்.

தனுஷ்கோடியில் சில நூறு அடிக்குள் நடப்பது இலங்கையில் ஒரு தீவு அளவுக்கு நடக்கிறது. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காற்று தெற்கே ஹிக்கடுவ, காலி, உனவட்டுன, மிரிஸ்ஸ கரைகளில் மோதுகிறது. கடல் கலங்கி, சிவப்புக் கொடி ஏறிவிடும். அதே காற்று நடு மலைகளில் ஈரத்தை இறக்கிவிட்டு மட்டக்களப்புப் பக்கம் சூடான கச்சானாக வந்து சேர்கிறது. அந்த மாதங்களில் திருகோணமலைக்கு வடக்கே நிலாவெளியும் உப்புவெளியும், மட்டக்களப்புப் பக்கம் பாசிக்குடாவும் கண்ணாடிபோல இருக்கும். பாசிக்குடாவில் இடுப்பளவு தண்ணீரிலேயே வெகுதூரம் நடந்து போகலாம். சின்னப் பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு இந்தப் பக்கத்தில் அதைவிடத் தோதான கரையை நான் சொல்ல மாட்டேன். நவம்பர் வந்தால் எல்லாம் தலைகீழ். கிழக்கே மழை பிடித்துக்கொள்ளும், தெற்கும் மேற்கும் திறக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை மிரிஸ்ஸவில் திமிங்கிலம் பார்க்கப் படகு ஏறலாம். கோடையில் அதே வேலைக்குத் திருகோணமலை. 'இலங்கைக்கு எப்போது போகலாம்' என்ற கேள்விக்கு எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதே பதில், எந்தப் பக்கம் என்பதுதான் மாறும்.

இதைக் கணக்கில் எடுக்காமல் நாள் குறித்தால் என்ன ஆகும் என்பதற்கு நாகப்பட்டினம்–காங்கேசன்துறைக் கப்பல் ஓர் உதாரணம். 2023 அக்டோபர் 14 அன்று கோலாகலமாகத் தொடங்கினார்கள். வடகிழக்குப் பருவமழையைக் காரணம் காட்டிச் சில நாட்களிலேயே நிறுத்தினார்கள். மறுபடி ஓடத் தொடங்கியது 2024 ஆகஸ்டில். அக்டோபர் நடுவில் பாக் நீரிணையில் பயணிகள் கப்பல் தொடங்கலாமா என்று நாகை மீனவர் யாரிடமாவது கேட்டிருந்தால், பதில் உடனே கிடைத்திருக்கும்.

சரி, நம் கிழக்குக் கரைக்கு வருவோம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி அக்டோபர், நவம்பர், டிசம்பரில் பெய்கிறது. சென்னையில் இது இன்னும் அதிகம், ஆண்டுக்கு ஏறத்தாழ 1,400 மி.மீ. என்றால் அதில் அறுபது சதவீத அளவுக்கு இந்த மூன்று மாதங்களில். ஆனால் வடகிழக்குப் பருவமழை கேரளத்து ஜூன் மழை மாதிரி நாள்கணக்கில் விடாமல் பெய்வதில்லை. நாலு நாள் கொட்டும், ஒரு வாரம் வெயில் காயும், அப்புறம் வங்கக்கடலில் ஒரு தாழ்வு மண்டலம் உருவாகும். அதனால்தான் இந்தப் பருவத்தில் ஏமாறுகிறவர்கள் அதிகம். போன வருடம் நவம்பரில் போனேன், அருமையாக இருந்தது என்று ஒருவர் சொல்வார். அவர் சொல்வது உண்மைதான், அதை நம்பி அறை போட முடியாது. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது 2011 டிசம்பர் 30 அன்று. புத்தாண்டுக் கொண்டாட்டத்துக்கு வந்தவர்கள் ஊரில் நிறைந்திருக்கும் நாள் அது. வர்தா 2016 டிசம்பர் 12. ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30, அன்று புதுச்சேரியில் ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றினார்களா என்று பார்த்துக்கொண்டே விடுமுறையைக் கழிப்பதில் என்ன சுகம்?

மழை விட்ட மறுவாரமே கடலுக்கு ஓடுவதும் உதவாது. வெள்ளத்தில் கூவமும் அடையாறும் முகத்துவாரத்தை உடைத்துக்கொண்டு நகரத்தின் சாக்கடையைக் கடலில் கொண்டுபோய்க் கொட்டும். 2019-இல் மெரினா, பட்டினப்பாக்கம் கரையில் வெள்ளை நுரை குவிந்து, பிள்ளைகள் அதில் புரண்டு விளையாடிய படங்கள் நினைவிருக்கலாம். சோப்புத் தூளும் கழிவும் கலந்த நுரை அது. தண்ணீர் தெளிய நாளாகும். ஜனவரி நடுவில், பொங்கலை ஒட்டி, மழை ஓய்ந்திருக்கும், வெயில் சுடாது, கடலும் மெல்லத் தெளியத் தொடங்கும். அங்கிருந்து மார்ச் வரை, மாமல்லபுரம் முதல் ராமேஸ்வரம் வரை, கிழக்குக் கரையின் நல்ல காலம். சென்னைக் கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட வருவதும் இந்த மாதங்களில்தான். ஜனவரி முதல் மார்ச் வரை இரவில் தன்னார்வலர்கள் நடத்தும் ஆமை நடைக்குப் போய்ப் பாருங்கள். குளியலைவிடப் பிள்ளைகளுக்கு அது மனதில் நிற்கும்.

மே மாத வெயிலுக்கும் காற்றுக்கும் ஒரு தொடர்பு உண்டு. வழக்கமாக முற்பகலிலேயே கடல்காற்று உள்ளே வந்து சென்னையைக் கொஞ்சம் ஆற்றும். அக்னி நட்சத்திர நாட்களில் மேற்கிலிருந்து வரும் சூடான தரைக்காற்று அதை எதிர்த்துத் தள்ளும். சில நாள் பிற்பகல் இரண்டு, மூன்று மணி வரை கடல்காற்று வராது. அந்த நாட்களில் கடற்கரையில் நிற்பதும் மொட்டை மாடியில் நிற்பதும் ஒன்றுதான்.

ஜூன் முதல் செப்டம்பர் வரை கிழக்குக் கரையை யாரும் கணக்கிலேயே எடுப்பதில்லை. எனக்கென்னவோ அது அநியாயமாகப் படுகிறது. காலையில் காற்று கரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் தண்ணீர் மேற்பரப்பு வழுவழுப்பாக இருக்கும், மழை பெரும்பாலும் மாலை இடியோடு முடிந்துவிடும். தெற்கே வெகுதூரத்தில் கிளம்பும் நீளமான அலைகள் மட்டும் வந்து ஒழுங்காக உடையும். அலைச்சறுக்கு ஆட்களுக்கு இது பெருங்காலம். 2025 ஆகஸ்டில் ஆசிய அலைச்சறுக்குப் போட்டியை மாமல்லபுரத்தில் நடத்தியது அந்த அலைகளை நம்பித்தான். ஆனால் நீச்சல் தெரியாதவருக்கு அதே அலை ஆபத்து. நல்ல சீசன் என்று ஒருவர் சொன்னால், அவர் அலையைத் தேடிப் போனவரா, அலை இல்லாத தண்ணீரைத் தேடிப் போனவரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மேற்குக் கரைக்கு இவ்வளவு நுணுக்கம் தேவையில்லை. கோவாவின் ஆண்டு மழை ஏறத்தாழ 3,000 மி.மீ., அதில் சுமார் 90 சதவீதம் ஜூன் முதல் செப்டம்பருக்குள். கடற்கரைக் குடில்களை மே மாதக் கடைசியில் பிரித்துவிடுவார்கள். மழையில் கோவா அழகுதான், அருவி பார்க்கலாம், அறை வாடகை இறங்கியிருக்கும், கடலில் மட்டும் இறங்கக் கூடாது. கோவளம், வர்க்கலையிலும் அதே கதை. கூடவே ஒன்று, அங்கே மணலே காணாமல் போகும். பருவக்காற்றின் குட்டையான செங்குத்து அலைகள் கரை மணலை இழுத்துக் கொஞ்சம் தள்ளிக் கடலடியில் திட்டாகக் குவிக்கின்றன. அப்புறம் அமைதியான நீண்ட அலைகள் மாதக்கணக்கில் அதைத் திருப்பிக் கொண்டுவந்து போடுகின்றன. ஆகஸ்டில் கோவளத்தில் சில இடங்களில் அலை நேராகக் கல்சுவரைத் தொடும். டிசம்பரில் அதே இடத்தில் விரிந்த மணல் இருக்கும். தென் கேரளத்தில் அக்டோபரிலும் மாலை மழை உண்டு என்பதால், அங்கே டிசம்பர் முதல் மார்ச் வரை என்று வைத்துக்கொள்வது நல்லது. கோவாவுக்கு நவம்பர் முதல் பாதியும் பிப்ரவரியும். கிறிஸ்துமஸ், புத்தாண்டு வாரத்தில் விலை எங்கோ போய்விடும்.

மணல் திட்டு என்றதும் இழுவையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். கரையில் மோதிய தண்ணீர் திட்டுகளுக்கு இடையிலுள்ள பள்ளம் வழியாகக் கடலுக்குத் திரும்பும். அந்த இடத்தில் அலை உடையாது, நுரை இருக்காது, தண்ணீர் கொஞ்சம் கருத்து அமைதியாகத் தெரியும். புதிதாக வந்தவர் கண்ணுக்கு அதுதான் குளிக்க நல்ல இடமாகப் படும். மாட்டிக்கொண்டால் கரையை நோக்கிப் போராடாமல், கரைக்கு இணையாக நீந்தி வெளியே வர வேண்டும்.

வானத்தைப் பார்த்து முடிவு செய்ய முடியாத இன்னோர் ஆபத்து கள்ளக்கடல். இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் வெகுதொலைவில் வீசும் புயல்கள் எழுப்பும் நெடும் அலைகள் நாள்கணக்கில் பயணம் செய்து, இங்கே காற்றே இல்லாத பளிச்சென்ற வெயில் நாளில் கேரள, குமரிக் கரைகளில் ஏறும். ஏப்ரல், மே அதற்குத் தோதான காலம். அதாவது, சரியாக நம் கோடை விடுமுறை. 2024 மே மாதம் குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் ஐந்து பேர் அலையில் சிக்கி இறந்த நாளிலும் கள்ளக்கடல் எச்சரிக்கை இருந்தது. ஹைதராபாத்தில் இருக்கும் இந்தியக் கடல்சார் தகவல் சேவை மையமான இன்காய்ஸ் இந்த எச்சரிக்கைகளை முன்கூட்டியே வெளியிடுகிறது. மழை வருமா என்று பார்க்கும் போனில் அதையும் ஒருமுறை பார்த்துவிடலாம். குமரிக்கு இன்னோர் எளிய அடையாளமும் உண்டு. ஆரல்வாய்மொழி, முப்பந்தல் வழியாகப் போகும்போது காற்றாலைகள் முழுவீச்சில் சுழன்றால், அன்று கடலில் கால் நனைப்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடுமா என்பதும் சந்தேகம்தான். பௌர்ணமி, அமாவாசைக்குத் திருச்செந்தூரில் கடல் உள்வாங்கியது என்று வரும் செய்திக்கு மட்டும் பதற வேண்டாம், அது பெரும்பாலும் வழக்கமான வற்றம்தான்.

வெளிநாடு போகிறவர்களுக்கும் இதே சூத்திரம் பொருந்தும். தாய்லாந்தில் ஃபூக்கெட் மேற்குப் பார்த்தது, நவம்பர் முதல் ஏப்ரல் வரை நல்லது. கோ சமூய் கிழக்கே இருப்பதால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழையில் நனையும், அதற்கப்புறம் நல்லது. மலேசியத் தமிழர்களுக்கு இது தெரிந்த விஷயம், டிசம்பரில் மேற்குக் கரையிலுள்ள லங்காவி போவார்கள். கிழக்குக் கரையிலுள்ள பெர்ஹெந்தியன், ரெடாங் தீவுகளில் நவம்பர் முதல் பிப்ரவரி வரை விடுதிகள் பெரும்பாலும் மூடியே இருக்கும். அந்தமானுக்கு முதுகு காட்ட ஒரு பக்கம் கிடையாது. இரண்டு பருவக்காற்றும் அடிக்கும், அக்டோபர், நவம்பரில் புயல்கள் பிறப்பதும் அந்தப் பக்கம்தான். மிஞ்சுவது ஜனவரி முதல் ஏப்ரல் வரை. பாலி நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே இருப்பதால் ஏப்ரல் முதல் அக்டோபர் வரை அங்கே மழை குறைந்த காலம். மே விடுமுறைக்குத் தேன்நிலவுக்காரர்கள் மட்டுமல்லாமல் குடும்பத்தோடும் போகலாம்.

ஆக, பள்ளி நாட்காட்டியை வைத்துப் பார்த்தால் அரையாண்டு விடுமுறைக்கு மேற்குக் கரையோ தென்னிலங்கையோ, பொங்கலுக்கு நம் கிழக்குக் கரை. காலாண்டு விடுமுறை காற்று மாறும் நேரத்தில் வருகிறது. மாலை இடிமழைக்குத் தயாராக இருந்தால் எந்தப் பக்கமும் பழுதில்லை.

சிக்கல் ஏப்ரல், மேயில்தான். பணமும் பாஸ்போர்ட்டும் இருந்தால் திருகோணமலை, பாசிக்குடா. உள்ளூரிலேயே என்றால் கிழக்குக் கரையில் கடல் அவ்வளவாக முரண்டு பண்ணாது, வெயில்தான் எதிரி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் விசைப்படகுகள் எல்லாம் கட்டிக் கிடக்கும், உணவகங்களில் வஞ்சிரம் விலை கேட்டால் தலை சுற்றும். ஆனால் நாட்டுப் படகுகளும் ஃபைபர் படகுகளும் விடியலில் கரை சேரும். ஆறு மணிக்கு மணலில் இறங்கினால் குளியலும் முடியும், அன்று பிடித்த சங்கராவோ நெத்திலியோ கையோடு வாங்கலாம். எட்டரைக்கு மேல் செருப்பில்லாமல் நடக்க முடியாது, அறைக்குத் திரும்பிவிட்டு நாலரைக்கு மேல் மறுபடி வாருங்கள்.